சீனருடைய மேசையில் வென்ற தேர்தல்

1

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஒன்பது பேரோடு முறை வைத்துப் படுத்தவன், இன்றைக்கு ஸ்காபரோவில் மூன்று பிளாசாக்களில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மூடிப்போன ஒரு சீன உணவகத்தில் கிடந்த நூடில்ஸ் மெஷினை வாங்கி, அச்சைக் கழற்றி, அறுத்து ஒட்டி, இடியப்பம் பிழிகிற மெஷினாக மாற்றினேன். எஞ்சினியர் படித்த மைத்துனர் வந்து பார்த்து, "உது சரிவராது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார். இன்றைக்கு அவர் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அந்த மெஷினில் பிழிந்த இடியப்பம்தான் போகிறது. கூடப்பிறந்த நாலு பேரையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன். கோயில் மடைப்பள்ளிக்கு காஸ் குழாய் இழுத்தவனும் நான்தான். கல்லில் பொறித்திருப்பது வேறொருவர் பெயர். போகட்டும், கோயில் காரியம், சாமிக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மாகாணத் தேர்தலை நான் வென்று கொடுத்தேன். அதைச் சாமி மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது.

போன சனிக்கிழமை தமிழ்ப் பத்திரிகைக் கட்டு கடை வாசலில் வந்து விழுந்தது. எங்கள் மைதிலி மாகாண சபைக்குத் தெரிவாகி ஒரு வருடம் ஆனதற்கு உள்ளே ஒரு சிறப்புப் பக்கம். அதில் ஒரு கட்டுரை: சீன வாக்காளர் எங்கள் பக்கம் திரும்பியது எப்படி. எழுதியவர் கஜன். மைதிலியின் தேர்தல் வேலை முழுவதையும் நடத்திய மனேஜர். அரசியல் படித்துப் பட்டம் வாங்கியவர். என் மகன்.

கட்டுரையில் கொம்பியூட்டர் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்த இளைஞர் அணி இருக்கிறது. டேற்றா என்ற சொல் பத்திக்கு இரண்டு தரம் இருக்கிறது. எந்த மேசையில் அந்தத் தேர்தல் திரும்பியதோ அந்த மேசை இல்லை. அதில் இருந்தவர்கள் இல்லை. நானும் இல்லை.

மீன் பணிஸ் வாங்க வந்த ஒருவர் பத்திரிகையைத் தட்டிக் காட்டி, "அண்ணை, உங்கட மகன் பெரிய மூளைக்காரன். சீனரையே மாத்திப்போட்டான்" என்றார். பணிசை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனேன். அடுப்படியில் நின்ற பெண்பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிற்பாட்டினார்கள்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே தமிழர் ஒருவர் தேர்தலில் வென்றால் நீங்கள் அங்கே முகநூலில் வெடி கொளுத்துகிறீர்கள். தமிழர் வாக்களித்துத் தமிழர் வென்றார் என்று நினைக்கிறீர்கள். தமிழர் வாக்கு மட்டும் இருந்தால் இங்கே ஒருவரும் வெல்ல ஏலாது. எங்கள் தொகுதியில் தெருவுக்கு இந்தப் பக்கம் எங்கள் கடைகள், அந்தப் பக்கம் சீனருடைய மோல். மோலுக்குப் பின்னால் இரண்டு உயரமான கட்டடங்கள், முழுக்கச் சீன முதியவர்கள். அவர்கள் பல காலமாக ஒரே ஆளுக்குத்தான் போட்டு வந்தார்கள். அவர் புதுவருடத்துக்கு வருவார், சிங்க ஆட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார், வைத்ததெல்லாம் சாப்பிடுவார், போய்விடுவார்.

அந்த முறை அவர்களுக்கு ஒரு கோபம் இருந்தது. மோலின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அவர்களுடைய பகல் பொழுது. காலையில் வருவார்கள், தேநீர் வைத்துக்கொண்டு கதைப்பார்கள், சீட்டு ஆடுவார்கள். கனடாவின் குளிருக்குள் வேறு எங்கே போவது? புதிய நிர்வாகம் வந்து மேசைகளைக் கழற்றத் தொடங்கியது. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று பலகை தொங்கியது. காவலாளி வந்து தோளில் தட்டி எழுப்பினான். பழைய உறுப்பினரிடம் போய்ச் சொன்னபோது, அது தனியார் இடம், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம்.

வெடிக்கக் காத்திருந்த வாக்கு அது. கஜனுக்கும் அது தெரிந்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிடிக்க அவனுடைய ஆட்கள் செய்த வேலையைக் கேளுங்கள்.

மண்டபம் எடுத்தார்கள். சீன மூத்தோருக்கு மதிப்பளிப்பு விழா. அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சடித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆறு மணி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மணிக்குத்தான் வீட்டில் சேலையை அயன் பண்ணத் தொடங்குவார்கள். சீனக் கிழவர்கள் ஆறுக்கு முன்னமே வந்து வரிசையாக நின்றார்கள். மண்டபக் கதவு பூட்டு. திறப்பு வைத்திருந்தவர் மார்க்கம் நகரில் பிள்ளையை நடன வகுப்பில் விடப் போயிருந்தார். கதவு திறந்தபின் கதிரைகளை அவர்களே விரித்தார்கள். எட்டு மணிக்குக் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை. பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டபோது அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. அவர்கள் ஆறரைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடுகிற சனம். பசியோடு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலை கஜன் கடைக்கு வந்தான்.

"அப்பா, அவை ஏன் எழும்பிப் போனவை எண்டு விளங்கேல்லை. வீ ட்ரீற்றட் தெம் லைக் வி.ஐ.பி."

"வி.ஐ.பி.யைப் பட்டினி போட்டு அனுப்பினனீங்கள். அதுதான்."

"நிகழ்ச்சி கொஞ்சம் லேற்றாப் போச்சு, அவ்வளவுதான்."

"கொஞ்சமோ? மோனே, நீ அவையின்ர வோட்டைக் கேட்கக் கூப்பிட்டனியோ, அவையின்ர பொறுமையைச் சோதிக்கக் கூப்பிட்டனியோ?"

அவன் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து தலையைப் பிடித்தான். தேர்தலுக்குச் சில கிழமைகள்தான் இருந்தன. "உங்களுக்கு அந்த மோலில ஆரையோ தெரியுமெல்லே?" என்று கேட்டான்.

ஆரையோ! முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்காதவன், தகப்பனுக்கு யாரைத் தெரியும் என்று அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டான்.

3

லாமைத் தெரியும். நான் இந்த நாட்டில் பார்த்த முதல் வேலை ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவுவது. அங்கே லாம் பெரிய குசினிக்காரன். எனக்குக் கன்ரனீஸ் படிப்பித்தது அவனுடைய ஏச்சு. இந்த வகுப்புக்குப் போனேன், அந்த வகுப்புக்குப் போனேன் என்று இங்கே ஆட்கள் சொல்வார்கள்; நான் நெருப்புக்கும் கத்திக்கும் நடுவில் நின்று படித்தேன். இன்றைக்கும் என்னுடைய சீனத்தில் பாதி மரியாதையான இடத்தில் பேச முடியாத சொல். ஆனால் பேசுவேன். எங்கள் ஆட்களில் எத்தனை பட்டதாரிக்கு அது முடியும்?

லாமின் தமக்கை அதே குசினியில் மாவு உருட்டி இறைச்சிக் கொழுக்கட்டை பிடிப்பவர். சமையல்காரர் எல்லோரும் அவரைத் தங்கள் பாஷையில் அக்கா என்று கூப்பிட்டார்கள், நானும் அக்கா என்றேன். நான் அமாவாசை விரதக்காரன், தகப்பன் இல்லாதவன். அந்த நாளில் உணவகத்தில் வைத்த சாப்பாட்டைத் தொடமாட்டேன், வெறும் சோற்றைச் சோயா சோஸோடு சாப்பிடுவேன். அக்கா இரண்டு மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் கோப்பையில் தோஃபுவும் காளானும் கொண்டுவந்து போட்டார். தன்னுடைய கோப்பையைக் காட்டினார். அதிலும் அதேதான். அவர்களுக்கும் சந்திரனைப் பார்த்து மாதத்தில் இரண்டு நாள் மச்சமாமிசம் இல்லை. எங்கள் அமாவாசையும் முழுநிலாப் பறுவமும் அவர்கள் கணக்கில் ஒரு நாள் முன்பின்னாக வரும், அவ்வளவுதான். அதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை அன்றைக்கு எனக்குச் சொல்லித் தந்தார்: சிக் சாய்.

என் சொந்த ஊரில் இருந்து கூட வந்தவர்களே, "அகதியா வந்த இடத்தில என்ன விரதம்?" என்று பகிடி பண்ணிய காலம் அது. என்னோடு சேர்ந்து விரதச் சோறு சாப்பிட்டது அந்தச் சீனத்திதான். அந்த உறவு அறவில்லை. இப்போதும் காலையில் கடையைத் திறந்து வேலையைப் பிடித்துவிட்டுத் தெருவைக் கடந்து போய் அவர்களுடைய மேசையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் வருவேன். இதைக் கஜனுடைய டேற்றாவில் எந்தக் கட்டத்தில் போடுவது?

4

நான் லாமிடம் போய்க் கேட்டேன். மண்டபத்து விசயத்துக்கு முதலில் நன்றாகத் திட்டு வாங்கினேன். பிறகு அவன் சொன்னான்: வெள்ளிக்கிழமை கட்டடத்துக் கீழ் அறையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம், கூட்டி வா, பேச்சுக் கீச்சு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை என்றதும் எனக்கே உறைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மைதிலியை நேரத்துக்கு முன்பே கொண்டுபோனேன். காரில் போகும்போதே சொன்னேன்: "பிள்ளை, முதல்ல மற்றவைக்குத் தேத்தண்ணி ஊத்து. அவை ரெண்டு விரலால மேசையைத் தட்டினால் நன்றி எண்டு அர்த்தம். சும்மா சிரி. கேட்டால் மட்டும் கதை." நல்ல பிள்ளை, அப்படியே செய்தாள். கிழவர்கள் மேசையைத் தட்டத் தட்ட அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு மீன் வந்தது. முழு மீன், இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்தது. தலையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். விருந்தாளிக்குச் செய்கிற பெரிய மரியாதை அது. மேசையில் எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவள் என் பக்கம் குனிந்தாள். "அங்கிள், இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் சாப்பிடமாட்டன்."

மற்றப் பக்கத்தில் இருந்த கஜன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, ஜஸ்ற் வன் பைற். ஒரு போட்டோ. கடவுள் கோவிக்கமாட்டார்" என்றான். கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"கடவுள் கோவிக்கமாட்டார், நான் கோவிப்பன்" என்றேன். "விரதத்தை வித்து வோட்டு வாங்கச் சொல்லித் தாறியோ? போனைக் கீழ வை."

"அப்பா, சீன் போடாதைங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

நான் எழும்பினேன். அக்காவைப் பார்த்து இரண்டே சொல் சொன்னேன். சிக் சாய். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் கோயில் நாள் என்றேன்.

அக்காவுக்கு இப்போது வயது போய்விட்டது, கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். எழும்பி வந்து அந்த மீன் தட்டைத் தானே தூக்கி அடுத்த மேசையில் வைத்தார். உள்ளியும் ஆகாதோ என்று என்னைக் கேட்டார். உள்ளி பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் தோஃபுவும் காளானும் பச்சை இலையும் வந்தன. மைதிலிக்குப் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்து அக்காவும் அதையே சாப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு விரத நாள் இல்லை. சுற்றி இருந்த கிழவிகள் ஒவ்வொருத்தராக அந்தத் தட்டில் கை வைத்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் மேசைகளின் கதையைச் சொன்னார்கள். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். மைதிலி கேட்டுவிட்டு, "வெண்டால் நான் முதல் வந்து இருக்கிற மேசை இவையின்ர மேசைதான். மோல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து கதைப்பன்" என்றாள்.

அதை நான் சொன்னதும் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னது இது. என் தமிழில் தருகிறேன். "பழைய ஆள் எல்லாத்தையும் சாப்பிட்டார், எல்லாத்தையும் மறந்தார். இவள் எங்களுக்கு முன்னால, எங்கட மீனை வேண்டாமெண்டு சொல்லத் துணிஞ்சவள். வாயில வந்ததைச் சொல்லிப்போட்டுப் போற ஆள் இல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பொறுப்போ?"

"நான் பொறுப்பு" என்றேன்.

அவர்களுக்குள் போனில் ஒரு குழு இருக்கிறது. இரண்டு கட்டடமும் அதில்தான். அக்கா தன் குரலிலேயே பதிவு செய்து அந்தக் குழுவில் போட்டார். தேர்தல் நாளன்று கீழ்த்தளத்து வாக்குச் சாவடிக்கு இறங்க லிஃப்ற்றுக்கு முன்னால் வரிசை நின்றது என்று லாம் போனில் எனக்குச் சொன்னான். வாக்கர் பிடித்தவர்கள், ஒக்சிஜன் குழாய் மாட்டியவர் கூட. இங்கிலீஸ் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர் சீன வாக்கு நகர்ந்துவிட்டது என்றார். மேகம் நகர்ந்தது போலச் சொன்னார்! ஒவ்வொரு கிழவியாகச் சப்பாத்து மாட்டி எழும்பி நடந்தார்கள் ஐயா.

5

மைதிலி வென்றாள். மாலை விழுந்தது. மேடையில் கஜனுடைய அணிக்கு நன்றி சொன்னாள். நான் பின் வரிசையில் இடியப்பத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் கோபிக்கவில்லை. மேசைக்கு வருவாள்தானே, அங்கே எல்லோருக்கும் தெரியும் என்று இருந்தேன்.

வரவில்லை. தமிழ்ச் சங்கங்களுக்குப் போனாள், நடன அரங்கேற்றங்களுக்குப் போனாள், கோயில் திருவிழாவில் தேர் இழுத்தாள். சிறு வயதில் ஊரில் எங்கள் தெருவுக்கு ஒருவர் வாக்குக் கேட்டு வந்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். வென்றபின் அதே தெருவால் போனபோது காரின் கண்ணாடியை இறக்கவில்லை. அந்த ஊரை விட்டு இத்தனை கடல் தாண்டி வந்து, அதே கண்ணாடியை இங்கேயும் பார்க்க வேண்டுமா?

அவளுடைய அலுவலகத்துக்கு நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை தமிழ்ப்பிள்ளைதான், இங்கே பிறந்தது.

"அங்கிள், டூ யூ ஹாவ் அன் அப்பொயின்ற்மென்ற்?"

"எனக்கு அப்பொயின்ற்மென்ற் தேவையில்லை பிள்ளை. நான் வந்திருக்கிறன் எண்டு சொல்லு."

என் முகவரியைக் கேட்டது. தட்டிப் பார்த்தது. "சொறி அங்கிள், நீங்கள் எங்கட தொகுதி இல்லை. உங்கட மெம்பரிட்டத்தான் போகோணும்."

மனைவி காலமானபின் நான் அஜக்ஸில் கஜனுடைய வீட்டில் இருக்கிறேன். கடை இந்தத் தொகுதியில், நித்திரை அந்தத் தொகுதியில். ஆகவே நான் யாரோ. சரி, லாம் இந்தத் தொகுதிதானே என்று அவனைக் கூட்டிப் போனேன். அவனுக்கு இங்கிலீஸ் இல்லை, மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்ய விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். நானே சொல்கிறேன் என்றேன். அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரோ என்று கேட்டார்கள். தேர்தலுக்கு முன்னால் அந்தக் கேள்வியை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

சனிக்கிழமை பத்திரிகை வந்த அன்று பின்னேரம், அஜக்ஸ் வீட்டில் கஜனுக்கு முன்னால் பக்கத்தை விரித்து வைத்தேன்.

"எங்க என்ர பேர்?"

"அப்பா, எல்லா இடத்திலயும் சீன வோட் மாறினது. விலைவாசி, வீடு, அதுகள்தான் காரணம். ஒரு டின்னரால எலெக்சன் மாறாது."

"அப்ப அக்காவின்ர போன் குழுவில இல்லாத, மற்ற றோட்டுச் சீனக் கட்டடம் ஏன் பழைய ஆளுக்கே போட்டது? அங்கயும் அரிசி விலை உதுதானே? சாவடிக் கணக்கைக் காட்டினது நீதானே!"

அவன் பத்திரிகையை மடித்து வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான். "நான் உங்கட பேரைப் போட்டால், மனேஜர் தன்ர தகப்பனைப் புகழுறான் எண்டு சிரிப்பினம்."

"தகப்பனிட்ட வேலை வாங்கலாம், பேர் சொல்லத்தான் ஏலாதோ?"

"அப்பா, இட்ஸ் நொற் எபவுற் யூ."

இந்த இங்கிலீஸ் எனக்கு விளங்கும். உன்னைப் பற்றியது இல்லை என்கிறான். என்னைத் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்கிறான்.

ஞாயிறு காலை மேசைக்குப் போனேன். மேசைகள் இன்னும் குறைந்திருந்தன. சிலர் யன்னல் விளிம்பில் இருந்தார்கள். லாம் வழக்கம் போல, "உன்ர மகள் எங்க?" என்று கேட்டான். அவன் மைதிலியை அப்படித்தான் சொல்வான். முதலில் பகிடியாகக் கேட்டான், இப்போது பகிடி இல்லை. அக்கா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். என் கோப்பைக்குக் கிட்ட வந்தார். நிற்காமல் அடுத்த கோப்பைக்குப் போனார். அத்தனை வருடம் பழகிய மனுசி. நான் வெறும் கோப்பைக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

6

ஆகவே இதை எழுதுகிறேன். இந்தக் குறிப்பு ஊருக்குப் போகும், ஊரில் இருந்து முகநூலில் சுற்றி இங்கே திரும்பி வரும், மைதிலியும் கஜனும் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நேரில் சொன்னால் கேட்காத பிள்ளைகள் ஊர்ச்சனம் பகிர்ந்தால் வாசிப்பார்கள்.

மைதிலி, நீ கெட்ட பிள்ளை இல்லை. அன்றைக்கு மீனைத் தொடாமல் இருந்தாய், அதை நான் இன்னும் மதிக்கிறேன். ஆனால் உன் சொல்லுக்கு நான் பிணை நின்றவன். உனக்கு அது பல வாக்குறுதிகளில் ஒன்று. எனக்கு அந்த மேசையில் இருக்கிற முகம் அதுதான்.

கஜன், நான் கேட்பது புகழ் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். புகழும்தான் கேட்கிறேன். உழைத்தவன் கேட்பான். கோயில் கல்லை விட்டுக்கொடுத்தேன், இதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. வாக்கைக் கொம்பியூட்டர் கொண்டுவந்தது என்று நீ எழுதினால், அந்தச் சனத்துக்கு ஒருவரும் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை என்று ஆகிறது. கொம்பியூட்டரைப் போய் யார் கேட்பது? ஒரு மனுசன் பொறுப்பு நின்றான் என்று அச்சில் வந்தால், அந்தப் பொறுப்பு என்ன என்றும் அச்சில் வரும். அதற்குப் பயந்துதான் நீ என் பெயரை விட்டாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான். பிழை என்றால் திருத்து.

அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடு. அந்த இரண்டு கட்டடமும் உன் அப்பனுடைய சொல்லை நம்பி வாக்களித்தன என்று போடு. லாமின் பெயரையும் அக்காவின் பெயரையும் போடு. என்ன சொல்லிக் கேட்டோம், என்ன செய்யவில்லை என்றும் போடு. அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைதிலி அந்த மேசைக்கு வரட்டும். நான் அக்காவுக்கு வாசித்து மாற்றிச் சொல்கிறேன், அங்கீகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வென்றது நான். பொறுப்பு நின்றதும் நான். இரண்டையும் சேர்த்து என் பெயரில் எழுது.